ஊர் நம்பர் வண்டிக்குத் தில்லிச் சலான்

(நமது பகுதி நேர நிருபர்)

சலான் என்றால் நம் ஊரில் பாங்கியிலும் கருவூலத்திலும் பணம் கட்டுகிற சீட்டு. ரயில்வேயில் என் மேசை இழுப்பறையில் கட்டுக் கட்டாக இருக்கும். தில்லிக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு என்று தெரிகிறது. ‘சலான் கட் கயா’ என்று இங்கே ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டால், போக்குவரத்துப் போலீசிடம் அவர் அகப்பட்டுக்கொண்டார் என்று பொருள்.

இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே அகப்பட்டுத் தவித்தவர் ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவருடைய மகன் ராமகிருஷ்ணபுரத்தில் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க். என் நண்பர். ஜாகை மயூர் விஹாரில். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

ஒரு நாள் மத்தியானம், டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் ஊரிலிருந்து போன்.

“ஏம்பா, உன் பேரிலே தில்லி கோர்ட்டிலேருந்து ஏதோ சலான் வந்திருக்குன்னு என் செல்லுக்குச் செய்தி வந்திருக்கு. யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டியா?”

“இல்லைப்பா. வண்டி வேகமாப் போச்சுன்னு அபராதமா இருக்கும்.”

“வேகமாப் போனா போலீஸ் நிறுத்தாதா? கோர்ட்டுக்கு எதுக்குப் போகணும்? நம்ம குடும்பத்திலே யாரும் கோர்ட் வாசல் மிதிச்சதில்லேப்பா.”

அன்று இரவு அந்தப் பெரியவர் சாப்பிடவில்லை என்று தாயார் பிறகு சொன்னாராம். அபராதத் தொகை என்னவோ இரண்டாயிரத்துக்குள்தான். ஆனால் ‘கோர்ட்’ என்ற ஒரு சொல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீட்டின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. தலைநகர்த் தமிழர்களில் ஊர் நம்பர் வண்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்கள் வீடுகளுக்கும் இப்படி ஒரு போன் வரக்கூடும் என்பதால், நண்பர் பட்ட பாட்டையும் அதிலிருந்து நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன்.

செய்தி ஏன் அப்பாவுக்குப் போயிற்று?

நண்பரின் ஸ்கூட்டர் ரயிலில் பார்சலாக வந்தது. நானே கூட இருந்து இறக்கினேன். டாங்கியில் பெட்ரோலை வடித்துவிட்டு, கோணியும் வைக்கோலும் சுற்றி, ஆர்.சி. புத்தகத்தின் நகலை இணைத்து அனுப்பியிருந்தார்கள். வண்டி வந்தது. ஆனால் வண்டியின் விலாசம் வரவில்லை. ஆர்.சி.யில் இன்னமும் ஊர் விலாசம். வண்டி வாங்கிய நாளில் கொடுத்த போன் நம்பரும் தகப்பனாருடையது.

கேமராவுக்கு ஆளைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நம்பர் பலகை ஒன்றுதான். பலகையைப் படம் பிடித்து எழுத்துகளைப் படிக்கிறது. வேகத்தை ராடார் போன்ற கருவி அளக்கிறது. வாகனப் பதிவேட்டில் அந்த நம்பருக்கு எதிரே என்ன விலாசமும் போன் நம்பரும் இருக்கின்றனவோ அங்கே நோட்டீஸ் போகிறது. தில்லியில் இருக்கும் மகன் செய்த வேகத்துக்கு ஆரணியில் இருக்கும் தகப்பனாருக்கு மணியடித்த ரகசியம் இதுதான்.

நண்பர் அன்று சாயங்காலமே பரிவாஹன் இ-சலான் பக்கத்தில் வண்டி நம்பரையும் சேசிஸ் நம்பரின் கடைசி எழுத்துகளையும் கொடுத்துப் பார்த்தார். ஒன்றல்ல, மூன்று சலான்கள் காத்திருந்தன. முதலாவது அவர் ஓட்டியது. இரண்டாவது இன்னொருவர் ஓட்டியது. மூன்றாவதில் இருந்தது அவருடைய வண்டியே இல்லை. சட்டத்தின் மூன்று வாசல்களையும் ஒரே ஆள் தட்டிப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்திருக்கிறது!

ஒரே தேசம், ஒரே சட்டம்

மற்ற கதைக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘என் வண்டி தமிழ்நாட்டு நம்பர், தில்லிப் போலீஸ் என்னை என்ன செய்ய முடியும்?’ என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் இல்லை.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி மோட்டார் சட்டம். ஒரு மாநிலத்தில் வேகமாகப் போய்விட்டு இன்னொரு மாநிலத்துக்குள் புகுந்தால் தப்பிக்கலாம் என்ற நிலை அங்கே முன்பு இருந்தது. அதைத் தடுக்க 1960-களிலிருந்து மாநிலங்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, குற்ற விவரத்தைச் சொந்த மாநிலத்துக்கு எழுதி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தன. நம் நாட்டில் அந்தச் சிரமமே இல்லை. 1988-ல் நிறைவேறி 1989 ஜூலையில் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. திருவண்ணாமலையில் வாங்கிய லைசென்ஸ் தில்லியிலும் செல்லும். அங்கே பதிந்த வண்டி இங்கேயும் ஓடலாம். உரிமை நாடு முழுவதும் செல்லும் என்றால் அபராதமும் நாடு முழுவதும் செல்லத்தானே செய்யும்?

2019-ல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அபராதங்கள் உயர்ந்தன. வேக எல்லையை மீறினால், 183-வது பிரிவின்படி, ஸ்கூட்டர், கார் போன்ற இலகு வாகனங்களுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய். லாரி, பஸ் போன்ற நடுத்தர, கனரக வாகனங்களுக்கு இரண்டாயிரம் முதல் நாலாயிரம். இரண்டாம் முறை அகப்பட்டால் லைசென்சையே கைப்பற்றலாம். தமிழ்நாட்டில் உயர்ந்த அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

முதல் சலான்: கட்டியாயிற்று

ரிங் ரோடில், இருசக்கர வாகனத்துக்கு 50 கிலோமீட்டர் எல்லை உள்ள இடத்தில் 62 கிலோமீட்டரில் போயிருக்கிறார் நண்பர். படத்தில் வண்டி தெரிகிறது, முதுகுப் பை தெரிகிறது, தேதியும் நேரமும் தெரிகின்றன. “ஆபீசுக்கு நேரமாகிவிட்டது” என்றார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றேன்.

2021 ஜூனில் தில்லிப் போக்குவரத்துப் போலீஸ் தலைநகரின் வேக எல்லைகளைத் திருத்தி அறிவித்தது. கார்களுக்குப் பெரிய சாலைகளில் இடத்துக்கு ஏற்ப 60 அல்லது 70. இருசக்கர வாகனங்களுக்கு 50 அல்லது 60. குடியிருப்புத் தெருக்கள், கடைவீதிகள், சர்வீஸ் ரோடுகளில் எல்லோருக்கும் 30. பக்கத்தில் போகிற கார் 60-ல் போகிறதே என்று ஸ்கூட்டர்காரர் அதோடு ஒட்டிக்கொண்டு போனால், கார் தப்பிவிடும், ஸ்கூட்டர் அகப்படும். நண்பருக்கு நேர்ந்தது அதுதான்.

ஒப்புக்கொள்ள முடிவு செய்துவிட்டால் வேலை சுலபம். கேமராவில் விழுந்தவர்களுக்கு முதலில் வருவது நோட்டீஸ். அந்த நிலையிலேயே போக்குவரத்துப் போலீசின் வலைப் பக்கத்தில் கட்டிவிடலாம். கட்டாமல் விட்டால் விஷயம் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும். நண்பரின் முதல் சலான் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்து, தகப்பனாருக்கு ‘கோர்ட்’ செய்தியை அனுப்பியது.

இந்த மெய்நிகர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தில்லி தீஸ் ஹஜாரியில் தொடங்கியது. அங்கே கூண்டும் இல்லை, கூப்பிடும் சேவகரும் இல்லை. வண்டி நம்பரையோ சலான் நம்பரையோ கொடுத்துத் தேடினால் வழக்கு வரும். மாஜிஸ்திரேட் விதித்த தொகை தெரியும். எதிரே இரண்டு வழிகள்: ஒப்புக்கொண்டு பணம் கட்டுவது; அல்லது மறுத்து வழக்காடுவது. கட்டினால் வழக்கு அதோடு தீர்ந்தது. மறுத்தால் அது சாதாரணக் கோர்ட்டுக்கு மாற்றப்படும்.

இதில் புதுமை கணினி மட்டும்தான், யோசனை பழையது. 1988 சட்டத்தின் 208-வது பிரிவிலேயே இதன் விதை இருக்கிறது. சின்னக் குற்றங்களில் கோர்ட்டுக்கு நேரில் வராமல், கோர்ட் குறிப்பிட்ட தொகையை மணியார்டரில் அனுப்பி, அந்த மணியார்டர் கூப்பனிலேயே ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதிவிடலாம் என்று அன்றே விதித்திருந்தார்கள். மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர் அனுப்பிய தலைமுறைக்கு இது நன்றாகப் புரியும். அந்தப் பழைய மணியார்டர் 2015-ல் போயிற்று. கூப்பனில் நாலு வரி எழுதிய இடத்தில் இன்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது.

நண்பர் பொத்தானை அழுத்திப் பணத்தைக் கட்டி, ரசீதை எடுத்து, முதல் பிரதியைத் தகப்பனாருக்கு அனுப்பினார். “கோர்ட் முடிஞ்சதுப்பா” என்று அவர் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம்.

இரண்டாவது சலான்: ஓட்டியவர் வேறு

இரண்டாவது படத்திலும் அதே ஸ்கூட்டர். ஆனால் ஓட்டியவர் நண்பரின் அறையில் தங்கியிருக்கும் விழுப்புரத்துப் பையன். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை. அவனுடைய வண்டி ரிப்பேருக்குப் போயிருந்த ஒரு நாள், இவருடையதை வாங்கிப் போயிருக்கிறான்.

“ஆயிரமோ இரண்டாயிரமோ, கட்டித் தொலைத்துவிடுங்கள்” என்று ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். பிறகு யோசித்தபோது அது சரியில்லை என்று பட்டது. கட்டுவது என்றால் ‘நான்தான் ஓட்டினேன்’ என்று ஒப்புக்கொள்வது. முதல் குற்றம் ஏற்கனவே பதிவாகிவிட்டது. இதையும் ஏற்றால் நண்பரின் பெயரில் அது இரண்டாவது முறை. லைசென்சுக்கே வினை வரலாம்.

133-வது பிரிவின்படி, குற்றம் நடந்தபோது வண்டியை ஓட்டியவர் யார் என்ற விவரத்தைப் போலீஸ் கேட்டால் சொந்தக்காரர் சொல்லியாக வேண்டும். ஆனால் பையனின் பெயரைச் சொன்னால் அவன் லைசென்சில் கறை. அவனுடைய சோறே அந்த லைசென்சில்தான் இருக்கிறது. நண்பருக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. சிக்கலை அவிழ்த்தவன் பையன்தான்.

“அண்ணே, ஓட்டினது நான். என் பேரையே எழுதுங்க. எனக்கு இது முதல் தடவைதானே? நீங்க கட்டினா உங்களுக்கு ரெண்டாவது ஆயிடும்.”

படிப்பு பத்தாவதோடு நின்றுபோன பையன். சட்டத்தை எங்களைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டுவிட்டான். நண்பர் வழக்காடுவதாகக் குறித்தார். வழக்கு சாதாரணக் கோர்ட்டுக்கு மாறி, குறித்த தேதியில் இருவரும் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். பையன் முன்னால் வந்து ‘நான்தான் ஓட்டினேன்’ என்றான். அபராதத்தைக் கட்டினான். விவகாரம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. வெளியே காத்திருந்த நேரம்தான் மூன்று மணி.

காத்திருந்த வேளையில் ஒருவர் வந்து, “ஐநூறு கொடுத்தால் உள்ளே போகாமலே முடித்துத் தருகிறேன்” என்றாராம். கோர்ட் வாசல்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. கறுப்புக் கோட்டு இருக்கும். பெயர் சொல்ல மாட்டார்கள். ரசீது இல்லாத பணம் அபராதம் ஆகாது, சலானும் தீராது. சாலையில் நிறுத்தப்பட்டாலும் இதே விதிதான். இந்தி வராது என்று தயங்க வேண்டாம். ‘சலான் தீஜியே, ரசீத் தீஜியே’ என்று இரண்டு வாக்கியம் போதும். ஆர்.சி.யையும் லைசென்சையும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹனிலோ காட்டலாம். 2018 நவம்பரில் விதி திருத்தப்பட்டபின் அவை காகிதத்துக்குச் சமம்.

வேகத்தின் பின்னால் முதலாளி

அந்தப் பையன் ஏன் வேகமாகப் போனான்? இத்தனை மணிக்குள் இத்தனை பார்சல் என்ற கணக்கு. நாமக்கல்லிலிருந்து தில்லிக்கு லாரி ஓட்டிவரும் நம் டிரைவர்களுக்கும் அதே கதைதான். ஆசாத்பூர் மண்டியிலும் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரிலும் அவர்களோடு பேசிப் பாருங்கள். ‘நாளை விடியலுக்குள் சரக்கு இறங்க வேண்டும்’ என்ற போன் வராத நாள் இல்லை என்பார்கள்.

ரயிலுக்கு டைம் டேபிள் போடுகிறபோது பாதையின் வேக எல்லையைக் கணக்கிட்டுத்தான் போடுவோம். சாலைக்கும் சட்டம் அதையே சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 183-வது பிரிவில் ஓர் உட்பிரிவு உண்டு. குறித்த நேரத்துக்குள் பயணத்தை முடிக்க வேண்டும் என்று ஒருவர் அட்டவணை போட்டோ உத்தரவு கொடுத்தோ, வேக எல்லையை மீறாமல் அதை நிறைவேற்ற முடியாது என்று கோர்ட் கருதினால், உத்தரவு கொடுத்தவரே குற்றம் செய்தார் என்பதற்கு அது முதற்கட்டச் சாட்சியம் ஆகும். ஆகவே, ‘சீக்கிரம் வா’ என்று வந்த செய்திகளை டிரைவர்கள் அழிக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. அபராதம் கட்டுவது எப்போதும் ஓட்டுகிறவன் தலையில் மட்டும் விழ வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது சலான்: வண்டியே வேறு

மூன்றாவது சலான் அண்டை மாநிலம் ஒன்றிலிருந்து. நண்பரின் ஸ்கூட்டர் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பு மோட்டார் சைக்கிள். நண்பருடையதோ வெள்ளை ஸ்கூட்டர். பலகையில் ஓர் எழுத்து மண் படிந்து மங்கியிருந்தது. இயந்திரம் அதைத் தப்பாகப் படித்திருக்க வேண்டும்.

இதற்குக் கட்டுவது பெருங்குற்றம்! இன்னொருவர் பாவத்தை விலைக்கு வாங்குவது போல. நண்பர் ஒரு மனு எழுதினார். மனுவை நான் திருத்திக் கொடுத்தேன். ரயில்வேயில் பழகிய கை. வண்டியின் முன்புற, பின்புறப் படங்கள், ஆர்.சி. நகல், அன்றைய தினம் ஆபீசில் அவர் கைரேகை வைத்த வருகைப் பதிவு, கேமரா படத்தில் வித்தியாசம் தெரியும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். இவ்வளவையும் இணைத்து, சலானை அனுப்பிய அதிகாரிகளுக்கு மின்னஞ்சலிலும் ரிஜிஸ்டர் தபாலிலும் அனுப்பினார். பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. இடையில் இரண்டு முறை நினைவூட்டினோம். கடைசியில் சலான் ரத்தானது.

கேமரா சொல்வதெல்லாம் வேதம் இல்லை என்பதற்குத் தலைநகரிலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. நிஜாமுதீன் பாலத்திலிருந்து காஜிப்பூர் வரையிலான நெடுஞ்சாலையை மயூர் விஹார்க்காரர்கள் நன்கு அறிவார்கள். பழைய பெயர் என்.எச். 24. அகலப்படுத்தப்பட்டு 2018 மே மாதம் திறக்கப்பட்ட பாதை அது. 2019-ல் அங்கே கேமராக்கள் 60 கிலோமீட்டரை எல்லையாக வைத்துச் சலான் போட்டுத் தள்ளின. சாலையோரப் பலகையோ 70 என்று சொல்லிக்கொண்டிருந்தது! பலகையை நம்பி 65-ல் போனவர்களுக்கெல்லாம் நோட்டீஸ். ஜனங்கள் முறையிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 10 வரை அங்கே போட்ட சுமார் ஒன்றரை லட்சம் சலான்களை வாபஸ் வாங்குவதாகத் தில்லிப் போக்குவரத்துப் போலீசே முடிவு செய்தது.

அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. மாநில அரசு ஒரு சாலையில் வேகத்தைக் குறைக்கலாம்; ஆனால் அதை அறிவிக்கும் பலகையையும் அங்கே நட வேண்டும் என்கிறது 112-வது பிரிவு. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த 167-ஏ விதி, கேமராக் கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், கண்காணிப்பு உண்டு என்ற எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்றெல்லாம் வகுத்தது. ‘பார்த்தாலே தெரிந்தது, வேகமாகப் போனான்’ என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. கருவியால் அளந்திருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

வேகத்துக்கு அபராதம் என்பது மிகவும் பழைய கதை. 1896-ல் இங்கிலாந்தில் வால்டர் ஆர்னால்டு என்பவர் இரண்டு மைல் எல்லையுள்ள ஊருக்குள் எட்டு மைல் வேகத்தில் மோட்டார் ஓட்டியதற்காக அபராதம் கட்டினார். சைக்கிளில் துரத்திப் போய்ப் பிடித்தது ஒரு போலீஸ்காரர். இன்று சைக்கிளும் இல்லை, துரத்தலும் இல்லை. அதனால்தான் கருவி சரியா, பலகை சரியா, படம் சரியா என்று பார்க்கும் பொறுப்பு நம் பக்கம் வந்திருக்கிறது.

லோக் அதாலத் யாருக்கு?

‘லோக் அதாலத் வரட்டும், பாதிக்குப் பாதி குறைப்பார்கள்’ என்று பலர் காத்திருக்கிறார்கள். தேசிய லோக் அதாலத் நாட்களில் தீஸ் ஹஜாரி, கர்கர்டூமா, பாட்டியாலா ஹவுஸ், சாகேத், ரோகிணி, துவாரகா, ரவுஸ் அவென்யூ கோர்ட்டு வளாகங்களில் சமரசத்துக்கு உரிய சலான்களைத் தீர்ப்பது வழக்கம். அதற்கு முன்னதாகவே வலைப் பக்கத்தில் டோக்கன் எடுத்துச் சீட்டை அச்சடித்துக்கொண்டு போக வேண்டும். டோக்கன்கள் அளவானவை, வேகமாகத் தீர்ந்துவிடும்.

ஆனால் ஒன்று. தில்லி லோக் அதாலத்தில் தீர்வது தில்லியில் போட்ட சலான்தான். ஊருக்குப் போகும் வழியில் ஆக்ராப் பக்கம் வாங்கியதை இங்கே தீர்க்க முடியாது. அது அந்த மாநிலத்துக் கணக்கு. தில்லி நம்பர் காரில் ஊருக்குப் போய்த் தமிழ்நாட்டில் சலான் வாங்கி வந்தவர்களுக்கும் இதே பதில்தான். கேமரா எந்த மாநிலமோ அந்த மாநிலத்தில்தான் தீர்க்க வேண்டும்.

வண்டிக்கும் விலாசம் மாற வேண்டும்

நண்பரின் கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். சலான் தேடப் போனதில் இன்னொரு பூதமும் கிளம்பியது. அவருடைய ஸ்கூட்டர் தில்லிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது 47-வது பிரிவு. அதற்கு ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்று வேண்டும். சலான் பாக்கி நின்றால் அந்தச் சான்று கிடைப்பது துர்லபம். மூன்றையும் தீர்த்த பிறகுதான் அவரால் மனுவே போட முடிந்தது. ஊரில் ஏற்கனவே கட்டிய சாலை வரியில் மிச்ச காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்டு மனுச் செய்யவும் மறக்க வேண்டாம்.

இடம் மாறி இடம் மாறி உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு 2021 செப்டம்பரிலிருந்து ‘பி.எச்.’ வரிசை நம்பர் இருக்கிறது. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், பொதுத்துறைக்காரர்கள், நாலு மாநிலங்களிலோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் கேட்கலாம். 2022 டிசம்பரிலிருந்து பழைய வண்டிகளுக்கும் இந்த வசதி விரிந்தது.

இன்னும் சில சங்கதிகள். ஊரில் வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் வந்தவர்கள் உடனே மாற்றிவிட வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று 2018-ல் ஒரு விபத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. தமிழ்ப் பற்றினால் நம்பரைத் தமிழில் எழுதி வைத்திருப்பவர்கள், பற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பலகையில் விதிப்படி ஆங்கில எழுத்தும் எண்ணும் போட்டுவிடுவது நல்லது. பரிவாஹன் பக்கத்தில் போன் நம்பரை மாற்றிக்கொள்வது எல்லாவற்றுக்கும் முதல் வேலை. அப்பாவின் தூக்கம் கெடாது.

எச்சரிக்கை ஒன்று. ‘உங்கள் வண்டிக்குச் சலான், இந்த இணைப்பை அழுத்துங்கள்’ என்று மோசடிச் செய்திகளும் உலவுகின்றன. அழுத்தினால் பாங்கிக் கணக்கு காலியாகும். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடவே வேண்டாம். நீங்களாகவே பரிவாஹன் பக்கத்துக்குப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பரிவாஹன் பக்கத்தின் விலாசம் ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்றுதான் முடியும். உண்மைச் சலான் என்றால் அங்கே இருக்கும். படமும் இருக்கும்.

கடைசியாக

சலானிலிருந்து தப்பும் வழியைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அதில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகத்தால் நடந்த விபத்துகளில் போனவர்கள். அந்த ஆண்டு மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில். இந்தக் கணக்குக்கு முன்னால் இரண்டாயிரம் ரூபாய் பெரிதல்ல. செய்த தப்புக்குத் தாமதமில்லாமல் கட்டுவோம். செய்யாத தப்புக்கு அஞ்சாமல் எழுதிக் கேட்போம். இரண்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

போன மாதம் நண்பரின் தகப்பனார் தில்லிக்கு வந்திருந்தார். ஸ்கூட்டரின் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு மகன் மலை மந்திருக்குக் கிளம்பினார். நான் கேட் வரை போனேன். பெரியவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே மகனின் முதுகில் தட்டிச் சொன்னது என் காதில் விழுந்தது:

“மெதுவாப் போப்பா. சாமி எங்கேயும் போயிட மாட்டார்.”